பாம் ஷெல்டர் உள்ள வீட்டில் வைஃபை: டெக்கோ எக்ஸ்50 மெஷ் தொகுப்பு

சிங்கப்பூரில் 1990களின் இறுதியிலிருந்து கட்டப்பட்டு வரும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில், வைஃபை பின்னறைகளுக்குச் சரியாக எட்டாமல் போவதற்குப் பெரும்பாலும் பாம் ஷெல்டர், அதாவது குண்டுவீச்சிலிருந்து தப்ப வீட்டுக்குள்ளேயே கட்டப்படும் புகலிட அறைதான் காரணம். 1997ஆம் ஆண்டின் குடிமைத் தற்காப்புப் புகலிடச் சட்டத்தைத் தொடர்ந்து புதிய வீடுகளில் இடம்பெறத் தொடங்கிய இந்த அறைக்கு, நெருக்கமாகக் கம்பி கட்டி வார்த்த கனத்த கான்கிரீட் சுவர்களும் எஃகுக் கதவும் உண்டு. கான்கிரீட் வைஃபை அலையை உறிஞ்சிக்கொள்கிறது; உள்ளே இருக்கும் கம்பி வலை அதைத் திருப்பி அனுப்புகிறது. வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் அலைதான் இதில் அதிகம் அடிபடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை ஓரளவு தப்பி வந்தாலும், அடுக்குமாடியில் மேலும் கீழும் பக்கத்திலும் இருக்கும் வீடுகளின் ரௌட்டர்கள் எல்லாம் அதே அலைவரிசையில் நெருக்கியடிப்பதால், தொலைபேசியில் வைஃபை கோடுகள் தெரியுமே தவிர வேகம் இருக்காது.

செங்காங்கில் உள்ள எங்கள் ஐந்தறை வீடு 2000களின் தொடக்கத்தில் கட்டப்பட்டது. ஃபைபர் இணைப்புப் பெட்டி வாசல் கதவை ஒட்டிய சுவரில் இருக்கிறது. அதற்கும் படுக்கையறைகளுக்கும் நடுவே பாம் ஷெல்டர் நிற்கிறது. 1 கிகாபிட் திட்டத்துக்கு மாதாமாதம் பணம் கட்டினோம். கூடத்தில் அந்த வேகத்தில் பெரும்பகுதி கிடைத்தது. கடைசி அறையிலோ, மாமியார் தஞ்சாவூரில் இருக்கும் தம் தங்கையுடன் வாட்ஸ்அப்பில் பேசும்போது முகம் உறைந்து குரல் மட்டும் விட்டுவிட்டு வரும். வயதானவர்களுக்கு அந்த அழைப்பு எவ்வளவு பெரிய விஷயம் என்பது வீட்டில் பெரியவர்கள் உள்ளவர்களுக்குத் தெரியும்.

டிபி-லிங்க் நிறுவனத்தின் டெக்கோ எக்ஸ்50 மெஷ் தொகுப்பை, இரண்டு பெட்டிகள் கொண்டதாக, இதற்காகத்தான் வாங்கினோம். மெஷ் என்றால், வெவ்வேறு இடங்களில் வைத்த பெட்டிகள் ஒன்றோடொன்று இணைந்து வீடு முழுவதற்கும் ஒரே வைஃபையைத் தருவது. இது வைஃபை 6 வகை, 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகளில் இயங்குகிறது. ஒவ்வொரு பெட்டியிலும் ஈதர்நெட் கம்பி செருக மூன்று கிகாபிட் துளைகள் உள்ளன. மேசைமேல் வைக்கும் வெள்ளை உருளை, பார்வைக்கு உறுத்தாது. செயலி வழியாக அமைக்கும் வேலை எளிது. ஆனால் இணையச் சேவை நிறுவனம் கொடுத்த ரௌட்டரை வைத்துக்கொண்டே இதையும் சேர்ப்பவர்கள், டெக்கோவை, ரௌட்டர் வேலையைப் பழைய ரௌட்டரிடமே விட்டு வைஃபையை மட்டும் தரும் ‘அக்சஸ் பாயிண்ட்’ முறைக்கு மாற்றிவிட்டு, பழைய ரௌட்டரின் வைஃபையை அணைத்துவிட வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் இரண்டு ரௌட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கருவிகளுக்கு இணைய முகவரி பிரித்துக் கொடுக்கும். கூடத்தில் இருக்கும் அச்சுப்பொறியை அறையில் இருக்கும் கணினியால் கண்டுபிடிக்க முடியாமல் போகலாம்.

இரண்டாவது பெட்டியை எங்கே வைப்பது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. வைஃபை வராத அறையிலேயே வைக்கத்தான் யாருக்கும் தோன்றும். ஆனால் அங்கே முதல் பெட்டியின் அலை எட்டவில்லை என்றால், இரண்டாவது பெட்டியும் அதே நொய்ந்த அலையை வாங்கி அதையே திருப்பித் தரும்; கோடுகள் முழுமையாகத் தெரியும், வேகம் வராது. எங்கள் வீட்டில் நல்ல இடம், நடைபாதை திரும்பும் மூலையில் இருக்கும் புத்தக அலமாரியின் மேல்தட்டு. அங்கிருந்து பார்த்தால் கூடத்துப் பெட்டி நேராகத் தெரிகிறது. பாம் ஷெல்டரின் சுவர் குறுக்கே வரவில்லை. அலமாரியின் அடித்தட்டுக்கு இறக்கினால் வேகம் கண்கூடாகக் குறைகிறது. மூலையில் வைத்தபின் கடைசி அறையில் சுமார் 200 மெகாபிட் கிடைத்தது. படுக்கையறைகளுக்கு நடுவே உள்ளவை சாதாரணச் சுவர்கள் என்பதால், அந்த மூலையிலிருந்து மூன்று அறைகளுக்கும் அலை தாராளமாகப் போகிறது.

இந்த வகையின் எல்லையையும் சொல்ல வேண்டும். இரண்டே அலைவரிசைகள் இருப்பதால், பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்கெனத் தனிப் பாதை கிடையாது. தொலைபேசிகளுக்கும் பெட்டிகளுக்கும் ஒரே 5 கிகாஹெர்ட்ஸ்தான். ஆகவே கம்பியில்லாமல் இணைக்கும்போது இரண்டாவது பெட்டியில் வேகம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். இதற்குத் தீர்வு, இரண்டுக்கும் நடுவே ஒரு ஈதர்நெட் கம்பி. அண்மைக் காலத்து பிடிஓ வீடுகளில் (முன்பதிவுக்கேற்ப வீவக கட்டித் தரும் புதிய வீடுகளில்) அறைகளுக்கே அந்த இணைப்பு சுவருக்குள் வந்துவிடுகிறது, அவர்கள் கொடுத்துவைத்தவர்கள். பழைய வீடுகளில் கம்பி போடத்தான் வேண்டும், ஆனால் பாம் ஷெல்டரின் சுவரைக் குடைந்து கொண்டுபோக விதிகள் இடம் கொடுப்பதில்லை. அது உயிர்காக்கும் அறை என்பதால் அந்தக் கண்டிப்பு எனக்கு முற்றிலும் சரியாகவே படுகிறது. நாங்கள் கேட்6 வகை ஈதர்நெட் கம்பியைத் தரையோரப் பலகையை ஒட்டி, வெள்ளைப் பிளாஸ்டிக் உறைக்குள் சுற்றிக் கொண்டுபோனோம். கதவுச் சட்டத்தின் அடியில் மட்டும் தட்டையான கம்பி தேவைப்பட்டது. கம்பியை மாட்டியதும் பெட்டி தானாகவே அதைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டது. செயலியில் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. இப்போது கடைசி அறையில் 500 மெகாபிட்டுக்கு மேல் வருகிறது. மாமியாரின் அழைப்பு நடுவில் நிற்பதே இல்லை; பக்கத்து அறையில் மகள் வீட்டிலிருந்தபடி பாடம் படிக்கும் நாள்களிலும் அப்படியே.

பாம் ஷெல்டருக்குள்ளேயே ரௌட்டரை வைக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. பொருள்கள் கண்ணில் படாமல் இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் எஃகுக் கதவைச் சாத்தியதும் எவ்வளவு விலையுயர்ந்த கருவியும் அடங்கிவிடும். இணைப்புப் பெட்டி உள்ளே இருந்தாலும், ஒரு கம்பியைக் கதவு வழியாக வெளியே எடுத்து, மெஷ் பெட்டியைக் கூடத்தில் வைப்பதே மேல்.

10 கிகாபிட் திட்டத்துக்கு மாறியவர்களுக்கு இந்தத் தொகுப்பைப் பரிந்துரைக்க மாட்டேன்; இதன் துளைகள் 1 கிகாபிட்டோடு நின்றுவிடுகின்றன. அவர்கள் வைஃபை 7 வகையைப் பார்க்கலாம். ஆனால் அதில் பெரிதாகப் பேசப்படும் 6 கிகாஹெர்ட்ஸ் அலை தடித்த சுவர் என்று வந்துவிட்டால் 5 கிகாஹெர்ட்ஸைவிடவும் தடுமாறும் என்பதால், அவர்களுக்கும் அந்தக் கம்பி தேவைப்படும். எங்களைப் போல 1 கிகாபிட் திட்டத்தில் இருக்கும் ஐந்தறை வீட்டுக்கு இரண்டு பெட்டிகள் போதும். மூன்று கொண்ட தொகுப்பை வாங்குவதற்கு முன், மிச்சமாகும் பணத்தில் கம்பி போட்டுப் பார்க்கலாம்.