ஃபோர்ரன்னர் 255: அப்டேற்றுக்குப் பிறகு பற்றரி இறங்கினால் முதலில் கணக்கைப் பாருங்கள்

கார்மின் கொம்பனியின் ஓட்ட மணிக்கூடு ஃபோர்ரன்னர் 255 வெளிவந்தது 2022இல். அடுத்த வருசமே 265 பளிச்சென்ற திரையோடு வந்துவிட்டது. ஆனாலும் யாழ்ப்பாண வெயிலில் ஓடுகிறவர்களுக்குப் பழையதுதான் வசதி. மத்தியான வெயிலிலும் பின்னொளி இல்லாமல் இலக்கங்கள் வடிவாகத் தெரியும். தொடுதிரை இல்லை, ஐந்து பொத்தான்கள்தான். வியர்த்த கையோடு அழுத்தலாம். நிறை 49 கிராம். பற்றரிக்குக் கொம்பனி சொல்லும் கணக்கு, சாதாரண பாவனையில் 14 நாள், ஜிபிஎஸ் மட்டும் போட்டு ஓடினால் 30 மணித்தியாலம். 265க்கு அது 13 நாளும் 20 மணித்தியாலமும்.

எந்தக் கொம்பனி மணிக்கூடானாலும் மென்பொருள் அப்டேற் விழுந்ததும் வரும் முறைப்பாடு ஒன்றுதான்: “பற்றரி ஓடுது, சென்சர் பிழைக்குது.” பல நேரம் அது பழுதே இல்லை. அளந்து பார்க்காமல் றீசெற் அடிப்பதால்தான் ஆட்கள் நாள்களை வீணாக்குகிறார்கள்.

14 நாள் என்றால் ஒரு நாளுக்கு ஏறக்குறைய 7 வீதம், எட்டு மணித்தியால நித்திரைக்கு இரண்டரை வீதம். இரவு 10 மணிக்கு எத்தனை, காலை 6 மணிக்கு எத்தனை என்று குறித்து வையுங்கள். இரண்டு மூன்று குறைந்தால் மணிக்கூட்டில் குற்றமில்லை. எட்டுப் பத்துக் குறைந்தால் உள்ளே ஏதோ ஒன்று நித்திரை கொள்ளாமல் இருக்கிறது. ஓட்டத்துக்கும் இதே கணக்குத்தான். ஜிபிஎஸ் மட்டும் என்றால் மணித்தியாலத்துக்கு 3 வீதம் சொச்சம். எல்லாச் செய்மதிகளும் இரட்டை அலைவரிசையும் போட்டால் 16 மணித்தியாலம்தான் தாங்கும், அதாவது மணித்தியாலத்துக்கு 6 வீதம். மாடிக் கட்டடங்கள் குறைந்த நம் ஊரில் அந்த முறை தேவையே இல்லை. தானே தெரிவு செய்யும் முறையில் விட்டால் போதும்.

அப்டேற் விழுந்த முதல் இரண்டு நாளைக் கணக்கில் எடுக்காதீர்கள். மேல் இடப்பக்க லைற் பொத்தானை மணிக்கூடு அணையும்வரை அழுத்திப் பிடித்து, திரும்பப் போட்டு, ஒருமுறை 100 வரை சார்ஜ் ஏற்றுங்கள். பிறகும் இறங்கினால் கீழே சொல்வதை ஒவ்வொன்றாக, ஒரு இரவுக்கு ஒன்று என்று மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் கள்ளன் யாரென்று தெரியாமலே போய்விடும்.

முதல் சந்தேகம் இரத்த ஒட்சிசன் அளவி. நாள் முழுக்க அளக்கும்படி இருந்தால் பற்றரியைக் குடித்துத் தள்ளும். கடல் மட்டத்தில் இருக்கிற யாழ்ப்பாணத்தானுக்கு அது எதற்கு? நிறுத்திவிடுங்கள். அடுத்தது வெளியில் இருந்து இறக்கிய முகப்பு, அதாவது நேரம் காட்டும் திரை வடிவம். புதிய மென்பொருளோடு ஒத்துவராத முகப்பு ஓய்வில்லாமல் வேலை செய்துகொண்டிருக்கும். மணிக்கூட்டோடு வந்த முகப்பை ஒரு இரவு போட்டால் தெரிந்துவிடும்.

மூன்றாவது போன் தொடர்பு. இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். அன்ட்ரொயிட் போன்களின் பற்றரிச் சேமிப்பு கார்மின் செயலியைப் பின்னணியில் கொன்றுவிடும். தொடர்பு அறுவதும் திரும்பப் பிடிப்பதுமாக மணிக்கூட்டின் சார்ஜ் கரையும். ஒரு இரவு மணிக்கூட்டில் போன் தொடர்பை நிறுத்திவிட்டுப் படுங்கள். காலையில் இரண்டு மூன்று வீதம் மட்டும் குறைந்திருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. செயலியிலும் போனின் புளூடூத் பட்டியலிலும் மணிக்கூட்டை அழித்து, போனின் புளூடூத் பக்கத்தால் அல்ல, செயலிக்குள்ளால் புதிதாக இணையுங்கள். செயலிக்குப் பற்றரிக் கட்டுப்பாட்டையும் எடுத்துவிடுங்கள்.

இதற்கும் சரிவராவிட்டால்தான் றீசெற். அதிலும் இரண்டு உண்டு: செற்றிங்ஸை மட்டும் பழைய நிலைக்குக் கொண்டுபோவது, தரவையும் சேர்த்து அழிப்பது. முதலாவதில் தொடங்குங்கள். இரண்டாவதற்கு முன் கட்டாயம் சிங்க் செய்ய வேண்டும், அதாவது மணிக்கூட்டில் உள்ளதைப் போன் செயலிக்கு ஏற்ற வேண்டும்.

சென்சர்களில் ஜிபிஎஸ்தான் இந்த மணிக்கூட்டின் பலம். அப்டேற்றுக்குப் பிறகு முதல் ஓட்டம் கோணலாக வந்தால், செய்மதிகளின் இடம் சொல்லும் கோப்புக் காலாவதியாகி இருக்கலாம். போனோடு சிங்க் செய்தால் புதியது இறங்கும். பிறகு ஒருமுறை வெட்டவெளியில் கால் மணித்தியாலம் வைத்துவிடுங்கள். ஒரு ஜிபிஎஸ் செய்மதி தன் முழுப் பட்டியலையும் அனுப்ப 12.5 நிமிடம் எடுக்கும். சோதிக்க நல்ல இடம் பண்ணைப் பாலத்து வீதி: இரண்டு பக்கமும் கடல்நீரேரி, மேலே மறைப்பில்லை. ஒரே துண்டைப் போயும் வந்தும் ஓடுங்கள். இரண்டு தூரத்துக்கும் இடையில் ஒரு வீதத்துக்குள் வித்தியாசம் என்றால் சென்சர் சுகம். நல்லூர்ப் பக்கத்து மாமர ஒழுங்கைகளில் சோதித்துவிட்டு முறையிடாதீர்கள்.

இதயத்துடிப்புச் சென்சர் நடுத்தரம். மெதுவாக, கதைத்துக்கொண்டு ஓடும்போதே 170இல் ஒட்டிக்கொண்டு நின்றால் அது இதயம் அல்ல, கால் அடி. நிமிடத்துக்கு 170 அடியைத் துடிப்பென்று எண்ணுகிறது. மணிக்கட்டு எலும்புக்கு மேலே ஏற்றி, பட்டியை ஒரு துளை இறுக்குங்கள், முடிந்ததும் தளர்த்துங்கள். வேகப் பயிற்சிக்கு, நெஞ்சில் கட்டித் துடிப்பை அளக்கும் நெஞ்சுப்பட்டிதான் வழி.

உயரமானிதான் அதிகம் ஏமாற்றும். குடாநாடு தட்டைத் தரை. பண்ணையில் 40 மீற்றர் ஏறினதாகக் காட்டினால் சிரிப்பு வரும். மணிக்கூடு உயரத்தைக் காற்றழுத்தத்தால் கணிக்கிறது, ஒரு மில்லிபார் குறைந்தால் ஏறக்குறைய 8 மீற்றர் ஏறினதாக எடுக்கும். வெப்பவலயத்தில் அழுத்தம் தினமும் இரண்டு தரம் ஏறி இறங்கும்: காலை 10 மணியளவில் உச்சம், பின்னேரம் 4 மணியளவில் தாழ்வு, இடையில் இரண்டு மூன்று மில்லிபார். ஆகவே விடிய ஓடினால் இறங்கினதாகவும், மத்தியானம் ஓடினால் ஏறினதாகவும் சில மீற்றர் காட்டும். கார்த்திகையில் வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் வந்தால் வீட்டுத் திண்ணையில் இருந்தபடியே மலையேறுவீர்கள். அப்டேற்றைத் திட்டி என்ன பயன்? ஓடத் தொடங்க முன் உயரத்தைக் கையால் பதியுங்கள், அவ்வளவுதான்.

தாவல் இதைவிடப் பெரிதென்றால் அழுத்தமானியின் சிறு துளையில் உப்போ சுண்ணாம்போ அடைத்திருக்கும். நம் கிணற்றுத் தண்ணீர் சுண்ணக்கல்லால் வருவது. காய்ந்தால் வெள்ளைப் படலம் விடும். கடைசிக் கழுவலை மழைத்தண்ணீரிலோ பில்ரர் தண்ணீரிலோ செய்யுங்கள். ஊசி போட்டுக் குத்தவேண்டாம். முதுகில் உள்ள சார்ஜ் முனைகளையும் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே வயரைச் செருகுங்கள். ஈரத்தோடு செருகினால் உப்பு அவற்றை அரித்துவிடும். வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் சார்ஜ் போடக் கூடாது. எல்லை 45 பாகை செல்சியஸ்.

போட்டி கிட்டவென்றால் தானாக அப்டேற் ஆவதை நிறுத்தி வையுங்கள். எல்லாம் செய்தும் இரவுக்கு எட்டு வீதம் போகிறதென்றால் பற்றரியே பழுது. லண்டனில் இருந்தோ கனடாவில் இருந்தோ சொந்தக்காரர் கொண்டுவந்த மணிக்கூடென்றால், உத்தரவாதம் கேட்பதற்கு, வாங்கின கடையின் பில்லை இன்றைக்கே படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.