கடையில் பார்த்தது ஒன்று, பெட்டிக்குள் வந்தது வேறொன்று: கேமிங் கேசிங் வாங்குகிறவர்கள் கவனம்

தம்பிக்குக் கேமிங் கம்பியூட்டர் ஒன்று பூட்டலாம் என்று போன மாதம் இறங்கினோம். மற்றச் சாமான்கள் கொழும்பிலிருந்து கூரியரில் வந்து சேர்ந்தன. கேசிங், அதாவது எல்லாவற்றையும் உள்ளே பூட்டுகிற வெளிக்கூடு, பெரிய பெட்டி, வரும் வழியில் நெளிந்துவிடும் என்று அதை மட்டும் யாழ்ப்பாணத்தில் வாங்க நினைத்தோம். அங்கேதான் பிழைத்தது.

கடை கஸ்தூரியார் வீதிப் பக்கம். பெயர் போடவில்லை, பெயரைவிட நடந்த விதம்தான் உங்களுக்குப் பயன்படும். கண்ணாடி அலுமாரிக்குள் ஒரு கறுப்புக் கேசிங் லைட் எரிந்தபடி இருந்தது. முன்பக்கம் முழுக்கக் காற்றுப் போகிற துளை வலை (மெஷ்), இடப்பக்கம் கண்ணாடி, முன்னால் மூன்று ஃபேன். விலை 18,500 ரூபா. “அக்கா, இதுதான் இப்ப கூட ஓடுறது. முன்னுக்கு முழுக்க மெஷ், காத்து வடிவா வரும்” என்றார் கடைப்பெடியன். தம்பி அதற்கு முன்பே விழுந்துவிட்டான். பெட்டி உள்ளேயிருந்து வந்தது. காசைக் கட்டி ஆட்டோவில் ஏற்றிக் கொக்குவிலுக்குக் கொண்டுவந்துவிட்டோம். டேப்பை வெட்டிப் பார்க்க இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

விறாந்தையில் வைத்துப் பிரித்தபோது முதலில் ஒன்றும் விளங்கவில்லை. அதே கறுப்பு, அதே உயரம், முன்னால் அதே தேன்கூட்டு வடிவம். கிட்டப் போய் விரலால் தடவிய பிறகுதான் தெரிந்தது, அது மெஷ் இல்லை. பிளாஸ்டிக் தட்டில் அறுகோணக் குழிகள், ஒன்றுகூட மறுபக்கம் போகவில்லை. தம்பி பின்னால் டோர்ச் பிடித்தான். ஒரு பொட்டு வெளிச்சமும் வரவில்லை. காற்று நுழைய இருப்பது இரண்டு ஓரத்திலும் நக அகலத்தில் ஒரு நீட்டு இடைவெளி மட்டும். அதற்குப் பின்னால் மூன்று ஃபேனும் ஏழு நிறத்தில் சுற்றுகின்றன, சுவரில் மூக்கை ஒட்டிக்கொண்டு மூச்சு வாங்குகிறவனைப் போல. பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் மொடல் பெயரின் கடைசியில் ஓர் எழுத்துக் கூடுதல். கடையில் அந்த எழுத்தை யார் கவனிக்கப் போகிறார்கள்?

பக்கத்துக் ‘கண்ணாடி’யும் கண்ணாடி இல்லை, அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக். நகத்தால் தட்டினால் கண்ணாடிக்குரிய கணீர் சத்தம் இல்லாமல் ‘டொக்’ என்கிறது. ஒட்டியிருந்த படலத்தை உரித்துத் துணியால் ஒரு தரம் துடைத்தேன், முடி போல் கீறல் விழுந்துவிட்டது. உரசினால் தூசியை வேறு இழுக்கிறது. செம்மண் புழுதி பறக்கிற எங்கள் பக்கத்துக்கு இது போதும்.

அப்புறம் அந்த நீல யூஎஸ்பி. நீலம் என்றால் 3.0, அதாவது வேகமான வகை என்று எல்லோரும் நம்புகிறோம். உள்ளே பாருங்கள்: உண்மையான 3.0 துளையில் முன்னால் 4 தொடுமுனை, பின்னால் தள்ளி இன்னும் 5. இதில் நாலோடு சரி. உள்ளேயிருந்து மதர்போர்டு என்கிற தாய்ப்பலகைக்குப் போகிற வயரும் காட்டிக்கொடுத்தது. 3.0 என்றால் 19 பின்னுள்ள தடித்த தலை இருக்க வேண்டும். இதில் இருந்தது 2.0வின் சின்னத் தலை. நொடிக்கு 5 கிகாபிட் என்று நினைத்து வாங்கியது 480 மெகாபிட். நீலம் வெறும் பிளாஸ்டிக் நிறம்.

தகடு பிஸ்கட் ரின் மாதிரி, மேலே பெருவிரலால் அமத்தினால் உள்ளே போய் வருகிறது. விளிம்பை மடிக்காமல் வெட்டிவிட்டிருக்கிறார்கள், தம்பியின் விரலில் இரத்தம். நியாயமாகச் சொன்னால் வடிவில் குறையில்லை. பவர் சப்ளை மூடியும் வயர் ஒளிக்கிற இடமும் நன்றாகவே இருந்தன. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் “நல்ல வடிவு” என்றுதான் சொன்னார்கள்.

அடுத்த நாள் பின்னேரம் இரண்டு மணி வெயிலில் ஒரே கேமை இரண்டு தரம் ஓடவிட்டோம். முன் தட்டோடு ஆர்எக்ஸ் 6600 கிராஃபிக்ஸ் கார்டின் சூடு 83 பாகை. தட்டைக் கழற்றியதும் 71.

கடைக்குக் கொண்டு போனோம். “பெட்டி உடைச்சாச்சு அக்கா, இனி எடுக்கேலாது.” அலுமாரியில் இருப்பதைக் காட்டினேன். “அது பழைய லொட், இது புது மொடல்.” சரி, பில்லில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் ‘கேசிங் 1 – 18,500’. மொடல் இல்லை, கண்ணாடியா அக்ரிலிக்கா என்றில்லை. முதலாளியோடு ஃபோனில் கதைத்துவிட்டு, அடுத்த முறை வாங்கும்போது 2,000 கழித்துத் தருவதாகச் சொன்னார். அடுத்த முறையாம்! நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்கு அழைக்க ஃபோனை எடுத்தேன். கையில் இருந்த துண்டைப் பார்த்ததும் எதை வைத்து முறையிடுவது என்று நின்றுவிட்டேன். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுத்தாக வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் மொடலையும் எழுதச் சொல்லி நின்று வாங்குவது நம் வேலை. நான் வாங்கவில்லை.

அதனால், காசு கொடுக்க முதல் உங்களுக்குத் தரப்போகிற பெட்டியையே கடையில் உடைக்கச் சொல்லுங்கள். முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். முன் தட்டுக்குப் பின்னால் ஃபோன் டோர்ச்சைப் பிடியுங்கள். யூஎஸ்பி துளைக்குள் பாருங்கள். மொடலைக் கடைசி எழுத்துவரை பில்லில் எழுதுவியுங்கள். லைட்டைப் பார்க்கவே வேண்டாம், எல்லாவற்றிலும் எரியும்.

எங்கள் கேசிங்கின் முன் தட்டு இப்போது பரணில். அந்த இடத்தில் தம்பி ஜன்னலுக்கு அடித்து மிஞ்சிய பச்சை நுளம்பு வலையை வெட்டிச் சின்னக் காந்தங்களால் ஒட்டியிருக்கிறான். சூடு 73இல் நிற்கிறது. வந்து பார்க்கிற ஒருவரும் இப்போது “வடிவு” என்று சொல்வதில்லை.