இருபது நிமிடம் போதாத தேவாலயம்

இஸ்தான்புல்லில் பைசாண்டிய (கிழக்கு ரோமப் பேரரசுக் கால) இடிபாடுகளைக் காட்டும் அரை நாள் நடைச்சுற்றுலா ஒன்றில் நானும் மகளும் சேர்ந்தோம். வழிகாட்டி அம்மையாருக்கு ஐந்து நட்சத்திரம். நேரம் ஒதுக்கிய நிறுவனத்துக்கு இரண்டுக்கு மேல் தர மனமில்லை.

சராச்சானேயில், வாலன்ஸ் நீர்ப்பாலத்துக்கு அருகே, வாகன இரைச்சலுக்கு நடுவே கிடக்கிறது புனித பாலியூக்டஸ் தேவாலயம். செங்கல் அடித்தளம், உடைந்த பளிங்கு, புல். "இவ்வளவுதானா அம்மா?" என்றாள் மகள். அவள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்ட வழிகாட்டி, நோட்டுப் புத்தகத்தைத் திறந்து ஒரு கிரேக்கப் பாடலை வாசித்தார்.

மேற்கு ரோமப் பேரரசர் ஒலிப்ரியஸின் மகள் அனிசியா ஜூலியானா 520களில் எழுப்பிய கோயில் இது. எருசலேம் ஆலயத்தைக் கட்டிய சாலமோன் அரசரையே அவள் விஞ்சினாள் என்று புகழும் அந்த 76 வரிப் பாடல், 10ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் படியொன்றில் தங்கிவிட்டது. கோயில் நின்ற இடம்தான் மறந்துபோயிற்று. 1960இல் சாலை வேலைக்குத் தோண்டியபோது எழுத்து பொறித்த பளிங்குத் துண்டுகள் வெளிவந்தன. பாடலின் வரிகளோடு அவை அப்படியே பொருந்தின! ஏட்டில் இருந்த கவிதை கல்லுக்குப் பெயர் சொன்ன கதையைக் கேட்டபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது.

1204இல் சிலுவைப் போர்வீரர்கள் நகரைச் சூறையாடிய பிறகு இதன் கற்கள் வெனிஸ் வரை போயின. அங்கே புனித மார்க் பேராலயத்தருகே நிற்கும் இரண்டு சதுரத் தூண்கள் இங்கிருந்து போனவைதாம். அவற்றைப் பாலஸ்தீனக் கடற்கரையிலுள்ள ஆக்கர் நகரத்துக் கொள்ளைப் பொருள் என்றே நெடுங்காலம் நம்பியிருக்கிறார்கள். இடிபாட்டின் மேல் பின்னாளில் ஒட்டோமான் காலத்து வீடுகளும் மசூதியும் எழுந்தன.

இதையெல்லாம் அவர் சொல்லி முடிப்பதற்குள் இருபது நிமிடம் ஓடிவிட்டது. நிறுவனத்தின் கணக்கு அவ்வளவுதான். தோண்டி எடுத்த சிற்பங்கள் இருக்கும் தொல்லியல் அருங்காட்சியகத்தைத் திட்டத்திலேயே சேர்க்கவில்லை. இது பெரிய குறை. மறுநாள் நாங்களே போனோம்.

அங்கே ஒரு மயில். கழுத்தின் இறகுகள் செதில் செதிலாக, ஒவ்வொன்றும் தனித்தனியே செதுக்கப்பட்டவை. கண்ணில் ஒரு காலத்தில் பச்சைக் கண்ணாடி பதித்திருந்தார்களாம். பக்கத்தில் திராட்சைக் கொடி, கல்லை விட்டு விலகி நிற்கும் அளவுக்கு ஆழமாகக் குடையப்பட்டிருக்கிறது. முதல் நாள் உதட்டைப் பிதுக்கிய மகள், அந்தக் கல் எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தன் நோட்டில் வரையத் தொடங்கினாள். மூடும் நேரமாகிவிட்டது என்று காவலர் வந்து சொல்லும்வரை நாங்கள் நகரவில்லை.

போகிறவர்கள் முதலில் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு, பிறகு சராச்சானேக்குப் போங்கள்.