உஷார்: திருச்சி–மதுரை ஏர்போர்ட் ‘ஒன்றரை மணி நேரம்’ என்றார்கள், 19,400 ரூபாய் போச்சு

19,400 ரூபாய். மதுரையிலிருந்து ஹைதராபாத் போக எனக்கும் அம்மாவுக்கும் எடுத்த டிக்கெட், திருச்சியில் பிடித்த கார், எல்லாம் சேர்த்து. இன்னும் கொதிப்பு அடங்கவில்லை.

சிங்கப்பூரிலிருந்து திருச்சியில் இறங்குகிறோம். அன்றைக்கு அங்கிருந்து ஹைதராபாத்துக்கு இடமில்லை. டிக்கெட் விற்கும் ஒரு வலைத்தளம் தானாகவே மதுரை வழியைக் காட்டியது. இறங்குவது காலை 10.40, மதுரையில் கிளம்புவது மதியம் 2.25. நடுவில் குட்டியாக ஒரு கார் படம், பக்கத்தில் ‘123 கி.மீ., 1 மணி 30 நிமிடம்’. எதற்கும் கேட்டுக்கொள்வோம் என்று அவர்களின் உதவி எண்ணுக்கும் பேசினேன். “தாராளமா போயிடலாம் சார், சிஸ்டம் கணக்குப் போட்டுத்தான் காட்டும்” என்றான் அந்தப் பையன். அந்தப் பேச்சை நம்பித்தான் பணம் கட்டினேன்.

அந்த 123 என்ன தெரியுமா? வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் வரும் தூரம்! கார் அந்தக் கோட்டிலா போகும்? விராலிமலை, துவரங்குறிச்சி, மேலூர் என்று வர வேண்டும். வழியில் பூதக்குடி, சிட்டம்பட்டி டோல்கேட். மதுரை ஏர்போர்ட்டோ ஊருக்குத் தெற்கே பெருங்குடிப் பக்கம், அதனால் ரிங் ரோட்டில் ஊரைச் சுற்றணும். 140 கிலோமீட்டருக்குக் குறையாது. இமிக்ரேஷன், பெட்டி எல்லாம் முடிந்து வெளியே வரவே 11.50. “ஒன்றரை மணி நேரம்னு யாருண்ணே சொன்னது? ரெண்டரை ஆகும்” என்றார் டிரைவர், வண்டியை எடுக்கும்போதே.

மதுரை போய்ச் சேர்ந்தபோது 2.20. செக்-இன் கவுன்ட்டரை ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். “இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கேப்பா” என்று அம்மா திரும்பத் திரும்பக் கேட்டதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. வலைத்தளத்தில் கேட்டால் “பயண நேரம் தோராயமானது சார், ஏர்லைன்ஸைக் கேளுங்க”. ஏர்லைன்ஸில் கேட்டால் “ரெண்டு விமானமும் தனித்தனி பி.என்.ஆர். (முன்பதிவு எண்), நீங்கள் நோ-ஷோ (நேரத்துக்கு வராதவர்), விற்றவரைக் கேளுங்க”. மறுபடி வலைத்தளத்துக்குப் போனால், அதே உதவி எண்ணில் இப்போது பாட்டுதான் ஓடுகிறது. கடைசியாக ஒரு மெயில்: ‘உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது’. யார் முடித்தது? என் 19,400 ரூபாய் எங்கே?

விவரமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. வேறு வேறு ஏர்போர்ட் என்றால் மேப்பில் சாலைத் தூரத்தை நீங்களே பாருங்கள். தனித்தனி பி.என்.ஆர். என்றால் முதல் விமானம் தாமதமானாலும் அடுத்ததற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். நோ-ஷோ ஆனாலும் வரி, விமான நிலையக் கட்டணங்களைத் திருப்பித் தர வேண்டும் என்பது விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதி; விடாமல் கேளுங்கள். வாயால் சொல்வதை நம்பாமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நான் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். அந்தத் தளத்தில் இன்னமும் ‘1 மணி 30 நிமிடம்’ என்றே போட்டிருக்கிறது.