கவிபுரத்தில் விழும் கதிர்: கடவுளை அறிவியல் விளக்குமா?

சங்கராந்தி அன்று சாயங்காலம் பெங்களூர் கவிபுரம் கங்காதரேஸ்வரர் குகைக்கோயிலில் நிற்க இடம் இருக்காது. மேற்கில் இறங்கும் சூரியனின் கதிர் நந்தியின் கொம்புகளுக்கு நடுவே புகுந்து, உள்ளே இருக்கும் லிங்கத்தின் மேல் விழும். சில நிமிடங்கள்தான். போன சங்கராந்திக்குப் பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளைக் கூட்டிப்போயிருந்தேன். திரும்பும்போது ஆட்டோவில் கேட்டாள்: "இதைப் பண்றது சாமியாப்பா, சூரியனா?"

அன்றைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. பெங்களூருத் தமிழ் வீடுகளில் இதற்கு மூன்று பதில்கள் புழங்குகின்றன. அறிவியலே கடவுளைக் காட்டுகிறது என்பது ஒன்று. அறிவியல் கடவுளை இல்லையென்று ஆக்கிவிட்டது என்பது இன்னொன்று. கடவுள் அறிவியலின் கேள்வியே அல்ல என்பது மூன்றாவது. கல்லூரிக் காலத்தில் முதலாவதை நம்பினேன். அதன்பின் பத்துப் பன்னிரண்டு வருஷம் இரண்டாவது. இப்போது மூன்றாவதில் நிற்கிறேன்.

எது ஆறுதல் தரும், எது துணிச்சல் தரும் என்பதெல்லாம் தெரிந்த கதை. முதலாவது வீட்டில் சண்டை வராமல் பார்த்துக்கொள்ளும். இரண்டாவது போலிச் சாமியார்களிடமிருந்து காப்பாற்றும். என் முடிவை மாற்றியது பராமரிப்பு. புதிதாக ஒன்று கண்டுபிடிக்கப்படும்போதெல்லாம் நம் பதிலுக்கு ஒட்டுப்போட வேண்டியிருக்கிறதா, அல்லது அது அப்படியே நிற்கிறதா?

முதல் பதிலை எனக்குக் கொடுத்தவர் பெரியப்பா. அல்சூர் வீட்டில் மார்கழிக் காலையில் திருவாசகம் படிப்பார். திருவண்டப்பகுதி வந்ததும் நிறுத்தி, "அண்டங்கள் நூற்றொரு கோடிக்கு மேல விரிஞ்சுதுன்னு மாணிக்கவாசகர் பாடிட்டார்டா. 1929ல விஞ்ஞானி ஹபிள் பிரபஞ்சம் விரியுதுன்னு சொன்னதை அவர் எப்பவோ சொல்லிட்டார்" என்பார். எனக்குப் புல்லரிக்கும். கல்லூரி மேடையில் அதையே பேசிக் கைதட்டும் வாங்கியிருக்கிறேன்.

பிறகு எண்கள் நகர ஆரம்பித்தன. பார்க்கக்கூடிய பிரபஞ்சத்தில் ஏறக்குறைய 2 லட்சம் கோடி விண்மீன் மண்டலங்கள் இருக்கலாம் என்று 2016இல் ஒரு மதிப்பீடு வந்தது. புளூட்டோவைத் தாண்டிப்போன நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் வானத்தின் இருட்டை அளந்ததும், 2021இல் அது சில பத்தாயிரம் கோடிகளுக்கு இறங்கியது. ஒவ்வொரு முறையும் பெரியப்பா 'நூற்றொரு கோடி'க்குப் புது விளக்கம் தேடினார். அவர் தேடியதில் பொய் இல்லை, அன்புதான் இருந்தது. ஆனாலும் பாட்டு எண்ணைத் துரத்திக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று. அதைவிட எனக்கு வலித்தது வேறு. அந்த வரிகள் அங்கே முடிவதில்லை. அத்தனை அண்டங்களும், வீட்டுக்குள் நுழையும் வெயில் கதிரில் மிதக்கும் தூசிபோலச் சிறியவையாகிப்போகும்படி அவன் பெரியவன் என்று போகிறது பாட்டு. அந்தத் தூசிதான் பாட்டின் உயிர். நாங்கள் கோடியை எண்ணிக்கொண்டு தூசியைத் தவறவிட்டோம்.

பெரிய மூளைகளும் இந்தப் பள்ளத்தில் விழுந்திருக்கின்றன. கிரகங்கள் ஒன்றையொன்று இழுப்பதால் சுற்றுப்பாதைகள் மெல்லக் குலையும், அதைச் சரிசெய்யக் கடவுளின் கை வேண்டியிருக்கும் என்று நியூட்டன் நினைத்தார். வியாழனும் சனியும் தடுமாறுவதுபோலத் தெரிவது சுமார் 900 ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பிவரும் ஊசலாட்டம்தான் என்று 1780களில் பிரெஞ்சுக் கணித அறிஞர் லாப்லாஸ் கணக்குப்போட்டுக் காட்டினார். கடவுளுக்கென்று ஒதுக்கிய வேலை போய்விட்டது. இதை முன்கூட்டியே உணர்ந்தவர் ஜார்ஜ் லெமேத்ர். கத்தோலிக்கப் பாதிரியாரான அவர்தான் 1931இல் பிரபஞ்சம் ஓர் ஆதி அணுவிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும் என்றார். 1951இல் போப் 12ஆம் பயஸ் அந்தத் தொடக்கத்தைப் படைப்போடு இணைத்துப் பேசியபோது லெமேத்ர் மகிழவில்லை. தன் கோட்பாடு சமயக் கேள்விக்கு வெளியே நிற்பது என்பதில் உறுதியாக இருந்தார். பக்தியுள்ளவரே இந்த ஆதரவு வேண்டாம் என்றார்.

கவிபுரத்துக் கதிருக்கும் இதே கதைதான். அதைச் சான்றாக வைத்தால், 2021 சங்கராந்தியில் மேகம் மறைத்து லிங்கத்தின் மேல் கதிர் விழாமல் போனதே, அது எதற்குச் சான்று? அன்றைக்கு ஊரில் சிலர் உண்மையிலேயே பயந்தார்கள்.

இரண்டாவது பதிலுக்குப் பராமரிப்புச் செலவு குறைவு. 1976இல் பெங்களூர் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த எச். நரசிம்மையா, அற்புதங்களை ஆராயக் குழு அமைத்தார். அந்த நேர்மையை இன்றும் வணங்குகிறேன். விபூதி வரவழைப்பவர்களைக் கேள்வி கேட்கத்தான் வேண்டும். ஆனால் அற்புதம் பொய்யென்று நிரூபித்தால் அற்புதம்தான் போகும். லாப்லாஸ் கணக்கில் வெளியேறியதும் பாதையைப் பழுதுபார்க்கும் கடவுள் மட்டுமே. அளக்க முடியாத எதுவும் இல்லை என்று சொல்வதற்கு எந்தக் கருவியும் உதவாது. அதை நான் அறிவியல் முடிவு என்று பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது என் தீர்மானம், அவ்வளவுதான்.

மூன்றாவதுக்கு வந்தது ராமானுஜர் வழியாக. மைசூர்ப் பக்கத்து மேலுக்கோட்டைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தோம். அவர் பல காலம் தங்கிய ஊர் அது. வந்ததும், பிரம்ம சூத்திரத்துக்கு அவர் எழுதிய உரையான ஸ்ரீபாஷ்யத்தின் தமிழ் விளக்கத்தை எடுத்துப் படித்தேன். மூன்றாவது சூத்திரத்தின் உரையில் ஆடிப்போனேன். குடத்துக்குக் குயவன் இருப்பதுபோல உலகத்துக்கும் ஒருவன் இருக்க வேண்டும் என்பது நையாயிகர், அதாவது தர்க்கத்தை வைத்துப் பேசும் நியாயத் தத்துவக்காரர் வாதம். நம் வீடுகளில் இன்றும் சொல்வதுதான். ராமானுஜர் அதை மறுக்கிறார். உலகம் முழுவதையும் ஒரே சமயத்தில் ஒருவனே செய்தான் என்று எப்படித் தெரியும்? குடமும் சுவரும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு ஆட்கள் செய்தவை. நாம் பார்த்த செய்பவர்கள் எல்லாருக்கும் உடம்பு உண்டு, எல்லை உண்டு. அந்த அனுமானம் நம்மைக் கொண்டுபோய் விடுவது அப்படிப்பட்ட ஆட்களிடம்தான், நாராயணனிடம் அல்ல. ஆகவே பிரம்மத்தை அறிய சாஸ்திரம் ஒன்றே வழி என்கிறார்.

இதே கேள்விகளை எழுப்பும் ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூமின் நூல் 1779இல் வெளிவந்தது. ராமானுஜர் அதற்கு ஆறு நூற்றாண்டுகளுக்கும் மேல் முந்தியவர். சந்தேகவாதி கேட்டால் வியப்பில்லை. திருவரங்கத்துக் கோயிலையே கட்டிக்காத்த ஒருவர், தன் கடவுளுக்கு முட்டுக்கொடுத்த வாதத்தைத் தானே பிடுங்கிப்போடுகிறார். முட்டே இல்லாததால் அதைத் தட்டிவிடவும் யாராலும் முடியாது. ஒட்டுப்போடும் வேலை இங்கே இல்லை. இயற்கையை ஆராய்கிறவர்களுக்கும் முழுச் சுதந்திரம் கிடைக்கிறது. கதிரின் கோணத்தைக் கடைசி டிகிரி வரை கணக்குப் போட்டுக்கொள்ளலாம், அதில் சாமிக்கென்று இடம் ஒதுக்க வேண்டியதில்லை.

கடவுளின் தன்மை என்ன என்பதிலும் இந்தப் பதில்தான் எனக்குப் பொருந்துகிறது. தனியே பிரித்து, திரும்பத் திரும்ப, யார் செய்தாலும் ஒன்றுபோல அளக்கக்கூடியதைத்தான் அறிவியல் கையில் எடுக்கும். அப்படி அளக்கக் கிடைத்தால் அது உலகத்துக்குள் இன்னொரு பொருள். மாணிக்கவாசகர் உருகியது அதற்காக அல்ல. வைணவர் சொல்லும் சௌலப்யம், எளியவருக்கும் எட்டும் குணம், ஓர் உறவின் பெயர். பிரார்த்தனையின்போது மூளை மாறுவதைப் படம் எடுக்கிறார்கள், உண்மைதான். மாம்பழம் தின்னும்போதும் மூளை மாறுகிறது. மாம்பழம் உண்டா இல்லையா என்று அந்தப் படம் சொல்லாது.

இதற்கும் விலை உண்டு. வேண்டினால் நோய் குணமாகும் என்று சொன்னால், அது அளக்கக்கூடிய கூற்று, எல்லை தாண்டி வந்துவிட்டது. 2006இல் அமெரிக்காவில் 1,802 பைபாஸ் நோயாளிகளை வைத்துச் சோதித்தார்கள். முன்பின் தெரியாதவர்களின் பிரார்த்தனையால் சிக்கல்கள் குறையவில்லை. தனக்காகப் பிரார்த்திக்கிறார்கள் என்று உறுதியாகத் தெரிந்தவர்களில் 59 சதவீதத்தினருக்குச் சிக்கல் வந்தது. பிரார்த்தனை கிடைக்குமா என்று தெரியாமல், கிடைக்காமலும் போனவர்களில் 51 சதவீதம். இதை ஏற்கிறேன். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது நானும் வேண்டினேன். அந்த வேண்டுதல் என்னை அவள் பக்கத்தில் உட்காரவைத்தது, அதற்குமேல் எதையும் சொல்ல மாட்டேன். சாஸ்திரம் என்றால் எந்தச் சாஸ்திரம், யாருடையது என்று மகள் நாளைக்குக் கேட்பாள். அங்கே என் அனுபவம் மெலிந்தது. சந்நிதியில் தேம்பி அழுகிறவர்களைப் பக்கத்தில் பார்த்திருக்கிறேன், எனக்கு அது வாழ்க்கையில் இரண்டு தடவைதான் நேர்ந்தது. அவர்களுக்குத் தெரிந்ததை நான் அளந்து சொல்ல முடியாது.

மகளிடம் இப்போது சொல்லியிருக்கிறேன்: கதிரைக் கொண்டுவருவது சூரியன்தான்மா. சங்கராந்தியில் சூரியன் மறையும் அதே திசையில் நவம்பர் கடைசி வாரத்திலும் மறைகிறது. அப்போதும் கதிர் உள்ளே வரும். அந்த வாரம் அவளைக் கூட்டிக்கொண்டு மறுபடி போகப்போகிறேன். அன்றைக்குத் திருவிழா இல்லை, கூட்டமும் இருக்காது.