கவுண்டித் தலைமையிடம்: சட்டமன்றம் சொல்வதா, ஓட்டு சொல்வதா, இரண்டு ஊருக்கும் கொடுப்பதா?

அமெரிக்காவில் புதிதாக ஒரு கவுண்டி உருவானால் முதல் சண்டை பெரும்பாலும் அதன் தலைமையிடம் எந்த ஊர் என்பதில்தான். கவுண்டி ஏறக்குறைய நம் மாவட்டம் மாதிரி. நீதிமன்றம், பத்திரப் பதிவு, வரி அலுவலகம், சிறை எல்லாம் தலைமையிடத்தில் இருக்கும். அதனால் அங்கே வக்கீல்கள் குடியேறுவார்கள், ஓட்டல்கள் நிரம்பும், மனை விலை ஏறும். போட்டியில் தோற்ற ஊர் சில சமயம் வரைபடத்திலிருந்தே காணாமல் போகும். 19ஆம் நூற்றாண்டில் இதைத் தீர்க்க மூன்று வழிகளைப் பார்த்தார்கள்.

முதல் வழி, மாநிலச் சட்டமன்றமே ஊரைக் குறிப்பிடுவது. ஒஹாயோவில் 1846இல் மஹோனிங் கவுண்டி உருவானபோது கேன்ஃபீல்ட் தலைமையிடமானது. அதற்காக ஊர்க்காரர்கள் நிலமும், கட்டடத்துக்கு 5,000 டாலரும் தரவேண்டும் என்பது நிபந்தனை. கொடுத்தார்கள். சட்டத்திலும் ‘நிரந்தரமாக’ என்றே எழுதியிருந்தது. அதற்குள் பக்கத்து யங்ஸ்டவுன் இரும்புத் தொழிலில் பெருத்துவிட்டது. 1874இல் அதே சட்டமன்றம், தலைமையிடத்தை யங்ஸ்டவுனுக்கு மாற்றலாம் என்று இன்னொரு சட்டம் போட்டது. வாக்காளர்கள் ஒப்ப வேண்டும், கட்டடச் செலவை யங்ஸ்டவுன் ஏற்க வேண்டும் என்பவை நிபந்தனைகள். ‘பணம் வாங்கிக்கொண்டு செய்த ஒப்பந்தத்தை மீறலாமா?’ என்று கேன்ஃபீல்ட்காரர்கள் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனார்கள், தோற்றார்கள். தலைமையிடம் எங்கே என்பது அரசின் பொது அதிகாரம், இன்றைய சட்டமன்றம் நாளைய சட்டமன்றத்தின் கையைக் கட்ட முடியாது என்றது தீர்ப்பு. சட்டப்படி சரிதான். ஆனால் கொடுத்தவர்களுக்கு வயிறு எரிந்திருக்கும்.

இரண்டாவது வழி தேர்தல். கேட்க நன்றாக இருக்கிறது. கேன்சஸ் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் அது என்ன ஆனது என்று பாருங்கள். அங்கே ஆளுநர் தற்காலிகமாக ஓர் ஊரைச் சொல்வார். பிறகு மக்கள் ஓட்டுப் போட்டு நிரந்தர ஊரைத் தேர்வு செய்யவேண்டும். 1887இல் கிரே கவுண்டியில் சிமரானும் இங்கல்ஸும் மோதின. இங்கல்ஸ் பக்கம் ஏசா சூல் என்ற பணக்காரர். நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டரில் ‘ஹாப் பிட்டர்ஸ்’ என்ற கசப்பு டானிக் விற்றுச் சம்பாதித்தவர். ஆற்று நீருக்கு வாய்க்கால் வெட்டுகிறேன் என்று கேன்சஸ் வந்தவர். சிமரான் தரப்பும் சளைக்கவில்லை. விவசாயிகள் கூட்டமொன்று ரகசியச் சங்கம் அமைத்து, மொத்த ஓட்டையும் 10,000 டாலருக்குச் சிமரானுக்கு விலை பேசியது. ஓட்டுப் போட்ட பிறகு பார்த்தால், பணம் தருவதாகக் கொடுத்திருந்த உறுதிப்பத்திரத்துக் கையெழுத்துகள் போலி! தேர்தல் முடிவு பற்றிய வழக்கில் இந்தக் கதை வெளிவந்தபோது யாரைப் பார்த்துப் பரிதாபப்படுவது?

வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 1889 ஜனவரி 12 அன்று, இங்கல்ஸ் ஆட்கள் டாட்ஜ் சிட்டியிலிருந்து கூலிக்குத் துப்பாக்கிக்காரர்களைக் கூட்டிக்கொண்டு சிமரானுக்கு வண்டி கட்டினார்கள். கவுண்டிப் பதிவேடுகளை அள்ளிக்கொண்டு போவதுதான் நோக்கம். மாடியிலிருந்து புத்தகங்களை இறக்கும்போது ஊர் திரண்டு சுட்டது. வண்டி ஓடிவிட்டது, சிலர் மாடியிலேயே சிக்கிக்கொண்டார்கள். சிமரான்காரர் ஒருவர் செத்தார். கடைசியில் 1893இல் தலைமையிடம் சிமரானுக்கே போனது. இதாவது பரவாயில்லை. ஸ்டீவன்ஸ் கவுண்டியில் ஹ்யூகோட்டன், வுட்ஸ்டேல் சண்டையில் 1888 ஜூலையில் ஒரே இரவில் நான்கு பேர் கொல்லப்பட்டார்கள்.

மூன்றாவது வழி, இரண்டு ஊருக்கும் கொடுப்பது. மிசிசிப்பியில் 82 கவுண்டிகளில் பத்துக்கும், ஆர்கன்சாவில் 75இல் பத்துக்கும் இன்றும் இரட்டைத் தலைமையிடம். எம்மெட் டில் என்ற கறுப்பினச் சிறுவனின் கொலை வழக்கு 1955இல் நடந்த சம்னர், மிசிசிப்பியின் டாலஹாச்சி கவுண்டியின் இரண்டு தலைமையிடங்களில் ஒன்று, மற்றது சார்ல்ஸ்டன். இரண்டு நீதிமன்றக் கட்டடம், இரண்டு பதிவறை, இரட்டைச் செலவு. ஆற்று வெள்ளம் ஊர்களைப் பிரித்துவைத்த காலத்தில் இது நியாயம். கார் ஓடும் சாலை வந்த பிறகும் தொடர்வது, எடுத்துவிட எவருக்கும் துணிவில்லாததால்தான் என்று தோன்றுகிறது.

இதில் தேர்தலை மட்டும் குறை சொல்வது தப்பு. மஹோனிங்கிலும் ஓட்டுதான் போட்டார்கள், துப்பாக்கி வெடிக்கவில்லை. அங்கே மக்கள் குடியேறி இரண்டு மூன்று தலைமுறை ஆகியிருந்தது. யார் உள்ளூர், யார் வெளியூர் என்று எல்லோருக்கும் தெரியும். கிரே கவுண்டியில் வாக்காளர் பட்டியலே நேற்று வந்தது, யாரும் யாரையும் நம்பவில்லை. அதனால் புதுக் கவுண்டிக்கு என் ஓட்டு முதல் வழிக்கு, ஒரு திருத்தத்தோடு: சட்டமன்றம் ஊரைச் சொல்லட்டும், ஆனால் அந்த ஊரிடம் நன்கொடை வாங்க வேண்டாம். பிறகு மாற்றித்தான் ஆகவேண்டுமென்றால், யங்ஸ்டவுன் மாதிரி கட்டடச் செலவை ஏற்கும் ஊர் ஓட்டு கேட்கட்டும்.