எவோ 9-க்கு ஃப்யூயல் பம்ப் மாற்றி ஐந்து வருடம்: பெட்டியில் போட்ட எண்ணை நம்பாதீர்கள்

மூன்றாவது கியரில் ஒரு இழுப்பு. 5,500 ஆர்பிஎம் வரை வைட்பேண்ட் மீட்டர் (காற்று-பெட்ரோல் விகிதம், அதாவது ஏஎஃப்ஆர் காட்டுவது; எண் ஏறினால் பெட்ரோல் குறைகிறது) 11.5-இல் ஆணி அடித்தது போல நின்றது. 6,000 தாண்டியதும் 11.9, 12.3, கடைசியில் 12.8. பக்கத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த டியூனர், "காலை எடுங்க, எடுங்க" என்றார். எடுத்தேன். லேப்டாப்பில் பதிவான லாக்கைத் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் சொன்னது ஒன்றே ஒன்று: "பம்பை மாத்துற வரைக்கும் முழு த்ராட்டில் கொடுக்காதீங்க."

கார் மிட்சுபிஷி லான்சர் எவலூஷன் 9. 4ஜி63 இன்ஜின், 2 லிட்டர், கம்பெனிக் கணக்கில் 280 பிஎஸ். நான் வாங்கியபோதே எக்ஸாஸ்ட், இன்டர்கூலர், கேம்ஷாஃப்ட் எல்லாம் மாற்றியிருந்தது. 23 பிஎஸ்ஐ பூஸ்ட் (டர்போ திணிக்கும் கூடுதல் காற்றழுத்தம்), இன்ஜினில் சுமார் 370 குதிரைத்திறன். பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரும் நிமிடத்துக்கு 560 சிசியிலிருந்து 750 சிசிக்குப் போயிருந்தது. பம்ப் மட்டும் காரோடு பிறந்தது. குழாயின் வாயைப் பெரிதாக்கிவிட்டு, தொட்டியிலிருந்து தண்ணீர் வருகிறதா என்று யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

அங்கே நடந்தது என்ன என்று புரிய எனக்குக் கொஞ்ச நாள் ஆயிற்று. இந்தக் காரில் பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டருக்கு, இன்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து ஒரு சின்ன ஹோஸ் போகிறது. அடிப்படை அழுத்தம் 43.5 பிஎஸ்ஐ, அதாவது 3 பார். பூஸ்ட் ஒரு பிஎஸ்ஐ ஏறினால் ரெயில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் குழாய்) அழுத்தமும் ஒரு பிஎஸ்ஐ ஏற வேண்டும். 23 பிஎஸ்ஐ பூஸ்டில் ரெயிலில் 66.5 இருந்தால்தான் இன்ஜெக்டரின் இரண்டு முனைகளுக்கும் நடுவே அதே 43.5 வித்தியாசம் நிற்கும். என் காரில் ஒரு பிரஷர் சென்சார் மாட்டிப் பார்த்தபோது 6,500 ஆர்பிஎம்மில் ரெயில் அழுத்தம் வெறும் 58. வித்தியாசம் 35-ஆகச் சுருங்கிவிட்டது. இன்ஜெக்டர் வழியே போகும் எரிபொருள், அந்த வித்தியாசத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 35-ஐ 43.5-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.897. பத்து சதவீதம் பெட்ரோல் குறைவு. 11.5-ஐ 0.897-ஆல் வகுத்துப் பாருங்கள், 12.8 வரும். மீட்டரில் வந்த அதே எண். அன்றைக்குத்தான் இது மாயமந்திரம் இல்லை, பள்ளிக்கூடக் கணக்கு என்று பிடிபட்டது.

பிடிபடுவதற்கு முன்பே ஒரு பம்ப் வாங்கிவிட்டேன் என்பது வேறு கதை. பெட்டியில் "255 லிட்டர்" (மணிக்கு) என்று பெரிதாகப் போட்டிருந்தது, விலை குறைவு, கண்ணை மூடிக்கொண்டு வாங்கினேன். நான்கு மாதம் ஓடியது. வெயில் நேரத்தில் வண்டியை நிறுத்தி உடனே எடுத்தால் பின்சீட்டுக்குக் கீழே முனகல் சத்தம் கேட்கும். ஒரு நாள் அந்த முனகலும் நின்றது, வண்டியும் நின்றது. கழற்றி மேசையில் வைத்துப் பார்த்தபோது, உடம்பில் அச்சிட்ட பார்ட் நம்பர் நகத்தால் சுரண்டினாலே உரிந்து வந்தது. பிரபலமான ஒரு பம்பின் போலி அது. டர்போ கார் உலகத்தில் நன்றாகப் பெயர் எடுத்த பம்புகளுக்கெல்லாம் போலி உண்டு, அதிலும் 255 அளவில் வகைவகையாக உண்டு. தயாரிப்பாளரின் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் மட்டும் வாங்குங்கள். பெட்ரோல் நின்றால் வண்டி நிற்பதோடு போகாது. முழு பூஸ்டில் பெட்ரோல் குறைந்தால் பிஸ்டன் போகும்.

இரண்டாம் முறை உட்கார்ந்து கணக்குப் போட்டேன். டர்போ பெட்ரோல் இன்ஜினுக்கு ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு சுமார் 0.27 கிலோ எரிபொருள் என்று வைத்துக்கொள்வது வழக்கம். 370 குதிரைத்திறனுக்கு 100 கிலோ. பெட்ரோலின் அடர்த்தி லிட்டருக்கு 0.74 கிலோ என்றால் மணிக்கு 135 லிட்டர். பம்ப் தேயும், ஃபில்டர் அடைக்கும் என்று 20 சதவீதம் கூட்டினால் 162. இ85 (எத்தனால் அதிகம் கலந்த எரிபொருள்) ஊற்றுகிறவர்கள் இன்னும் 35 சதவீதம் சேர்த்துக்கொள்ளுங்கள், 220-ஐத் தொடும்.

162 தானே வேண்டும், 255 பம்ப் தாராளம் என்று தோன்றும். இங்கேதான் பெட்டி எண் ஏமாற்றுகிறது. அந்த 255 என்பது பெரும்பாலும் 40 பிஎஸ்ஐ அழுத்தத்தில், 13.5 வோல்ட்டில் அளந்தது. அழுத்தம் ஏற ஏற ஓட்டம் இறங்கும். வோல்டேஜ் இறங்கினாலும் ஓட்டம் இறங்கும். பூஸ்ட் அடிக்கும்போது பம்புக்கு மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி. அதனால் வாங்கும் முன் தயாரிப்பாளர் வெளியிடும் வரைபடத்தை எடுத்து, உங்கள் பூஸ்டோடு 43.5-ஐக் கூட்டி, அந்த அழுத்தத்துக்கு நேரே என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். வரைபடமே வெளியிடாத பம்பை நான் இனி கையால் தொடுவதாக இல்லை.

பம்பின் உள்ளே எப்படி வேலை செய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். எவோகாரர்கள் கண்ணை மூடிக்கொண்டு மாட்டும் வால்ப்ரோ 255 ஜெரோட்டர் வகை. பல் சக்கரத்துக்குள் பல் சக்கரம் சுற்றி எரிபொருளைப் பிதுக்கித் தள்ளும். அதிக அழுத்தத்திலும் விடாது, ஆனால் ஒரு ரீங்காரம் இருக்கும். விசிறி மாதிரிச் சக்கரம் சுற்றித் தள்ளும் டர்பைன் வகை சத்தம் குறைவு. நான் தினமும் ஓட்டுகிற ஆள், பின்சீட்டில் குழந்தைகள் தூங்குவார்கள். அதனால் டர்பைன் வகையில் டாய்ச்வெர்க்ஸ் டிடபிள்யூ200 எடுத்தேன். இதுவும் 255 லிட்டர்தான், இ85-க்கும் தாங்கும். ஒரு படி மேலே டிடபிள்யூ300 இருக்கிறது, 340 லிட்டர். ஆசையாகத்தான் இருந்தது. ஏன் எடுக்கவில்லை என்று பிறகு சொல்கிறேன்.

மாட்டுவது பெரிய வேலை இல்லை. பின்சீட்டைத் தூக்கினால் கீழே தகட்டு மூடி. டேங்கில் பெட்ரோல் குறைவாக இருக்கும் நாளாகப் பாருங்கள். முதலில் பம்ப் கனெக்டரைப் பிடுங்கிவிட்டு இன்ஜின் தானாக நிற்கும் வரை ஓடவிட்டால் லைனில் அழுத்தம் இறங்கிவிடும். அப்புறம் பேட்டரி நெகட்டிவ்வைக் கழற்றுங்கள். கதவெல்லாம் திறந்திருக்கட்டும், பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும். இரண்டு மணி நேரத்தில் முடித்தேன். சீட்டில் பெட்ரோல் வாடை போகத்தான் இரண்டு நாள்.

மறுநாள் லாக் எடுத்தால், 66.5 வர வேண்டிய இடத்தில் 64. பழைய 58-க்கு இது எவ்வளவோ மேல், ஆனால் புது பம்ப் ஏன் இரண்டரை பிஎஸ்ஐ கடன் வைக்கிறது? மல்டிமீட்டரின் வயர்களை நீட்டி, பம்ப் கனெக்டரில் செருகி, பூஸ்டில் ஓட்டிக்கொண்டே பக்கத்துச் சீட்டு ஆளைப் படிக்கச் சொன்னேன். பேட்டரியில் 13.8 வோல்ட், பம்பில் 11.9. கம்பெனி வயர் கம்பெனி பம்புக்காக அளவெடுத்துப் போட்டது. புது பம்ப் அந்த அழுத்தத்தில் 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கிறது. வழியில் கிட்டத்தட்ட 2 வோல்ட் சூடாகப் போய்விட்டது.

பேட்டரியிலிருந்து தனி வயர் இழுத்தேன். 4 சதுர மில்லிமீட்டர், பேட்டரி பக்கத்திலேயே 20 ஆம்பியர் ஃப்யூஸ், ஒரு ரிலே. பழைய பம்ப் வயர் இப்போது அந்த ரிலேயை இயக்க மட்டும். கார் விபத்தில் இன்ஜின் நின்றால் பம்பும் நிற்க வேண்டும் இல்லையா, அந்தக் கம்பெனி ஏற்பாடு இதனால் கெடாது. எல்லோரும் பாசிட்டிவ் வயரை மட்டும் மாற்றிவிட்டு எர்த்தை மறந்துவிடுகிறார்கள். நான் அளந்தபோது இழப்பில் கிட்டத்தட்ட பாதி எர்த் பக்கம்தான் இருந்தது. பம்புக்குப் பக்கத்திலேயே பாடியில் பெயின்டைச் சுரண்டிப் புது எர்த் கொடுத்தேன். பம்பில் 13.5 வோல்ட். ரெயிலில் 66. ஏஎஃப்ஆர் ரெட்லைன் வரை 11.5. இந்த வயர் வேலையைப் பழைய பம்பிலேயே முதலில் செய்திருந்தால் எவ்வளவு மீண்டிருக்கும் என்று இப்போதும் ஒரு ஆர்வம் உண்டு.

முதல் இரண்டு வருடம் சொல்ல எதுவும் இல்லை. சத்தம் கிட்டத்தட்ட இல்லை, இக்னிஷன் போட்டதும் ஒரு சின்ன 'ஸ்ஸ்' மட்டும்.

மூன்றாம் வருடத்தில் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆக நான்கைந்து விநாடி எடுக்க ஆரம்பித்தது. முதலில் பேட்டரி என்று நினைத்தேன். லாக் எடுத்தால் முழு பூஸ்டில் ரெயில் 61. பம்ப் போய்விட்டது என்று முடிவே கட்டி, புதிதாக ஒன்று வாங்கியும் வைத்துவிட்டேன். டேங்கைத் திறந்து அசெம்பிளியை வெளியே எடுத்ததும் குற்றவாளி கண்ணெதிரே தொங்கினான். பம்பையும் மேல் குழாயையும் இணைக்கிற விரல் நீள ரப்பர் ஹோஸ். நான்தான் மாட்டியது. இன்ஜெக்ஷன் ஹோஸ், நல்ல தரம், உள்ளே எவ்வளவு அழுத்தத்தையும் தாங்கும். ஆனால் அதன் வெளித்தோல் பெட்ரோலில் மூழ்கிக் கிடப்பதற்குச் செய்தது இல்லை. ஊறி, பருத்து, விரலால் அழுத்தினால் ரப்பர் அல்வா மாதிரி அமுங்கியது. கிளாம்ப் ஓரத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு வெடிப்பு. பம்ப் தள்ளிய பெட்ரோலில் ஒரு பங்கு அந்த வழியாக டேங்குக்குள்ளேயே திரும்பி விழுந்துகொண்டிருந்தது. வெளியே ஒரு சொட்டுக்கூடக் கசியாததால் யாருக்கும் தெரியாது. இரவில் லைனில் அழுத்தம் நிற்காததும் அதனால்தான், காலையில் திணறியதும் அதனால்தான்.

டேங்குக்குள் போடும் ஹோஸில் எஸ்ஏஇ 30ஆர்10 என்று அச்சிட்டிருக்க வேண்டும். கடைக்காரர் "இதுவும் ஃப்யூயல் ஹோஸ்தான்" என்று எதை நீட்டினாலும் அந்த எழுத்தைத் தேடுங்கள். ஹோஸை மாற்றி, அதே பழைய பம்பை மாட்டினேன். 66 திரும்பி வந்தது. வாங்கி வைத்த புது பம்ப் இன்னும் பெட்டியோடு அலமாரியில் இருக்கிறது.

இப்போது அந்தப் பெரிய பம்ப் விஷயம். நண்பர் ஒருவர், கிட்டத்தட்ட என் கார் மாதிரியே அமைப்பு, நேராக வால்ப்ரோ 450 மாட்டினார். பம்பில் எந்தக் குறையும் இல்லை, பெரிய டர்போவுக்கு அது அருமையான சாமான். ஆனால் ஐடிலில் இன்ஜின் குடிப்பது சொட்டுச் சொட்டாக, மீதி அத்தனையும் கம்பெனி ரெகுலேட்டரின் சின்ன ஓட்டை வழியே ரிட்டர்ன் லைனில் திரும்ப வேண்டும். முடியவில்லை. ரெகுலேட்டரின் ஹோஸைக் கழற்றி வைத்து அளந்தால் 43.5 காட்ட வேண்டிய கேஜ் 52 காட்டியது. ஐடிலில் பெட்ரோல் அதிகமாகி, கண் எரியும் புகை. கடைசியில் பெரிய ரெகுலேட்டர், பெரிய ரிட்டர்ன் லைன், இன்னும் தடித்த வயர் என்று ஒவ்வொன்றாக வாங்கினார். நான் 340-ஐ விட்டுவிட்டு 255-இல் நின்றதற்கு இதுதான் காரணம். திருப்பி அனுப்புகிற பெட்ரோல் டேங்கையும் சூடாக்குகிறது.

ஒரு எச்சரிக்கை. நான் சொன்னதெல்லாம் ரிட்டர்ன் லைன் உள்ள, போர்ட் இன்ஜெக்ஷன் (காற்று போகும் வழியில் பெட்ரோல் பீய்ச்சும்) கார்களுக்கு. ரிட்டர்ன் இல்லாத அமைப்பில் ரெகுலேட்டர் டேங்குக்குள்ளேயே இருக்கலாம், பூஸ்டைப் பார்க்காமலும் இருக்கலாம், அங்கே கணக்கே வேறு. சுபாரு மாதிரி பம்பைத் தனி கன்ட்ரோலர் வேகம் குறைத்துக் கூட்டும் கார்களில், அதிக ஆம்பியர் இழுக்கும் பம்பை அந்தக் கன்ட்ரோலர் தாங்குமா என்று முதலில் பார்க்க வேண்டும். சிலிண்டருக்குள் நேராகப் பீய்ச்சும் டைரக்ட் இன்ஜெக்ஷன் என்றால் டேங்க் பம்ப் பாதிக் கதைதான், இன்ஜினில் இருக்கும் ஹை பிரஷர் பம்ப் மீதிக் கதை.

இந்த பம்பில் எனக்குக் குறை என்றால் ஒன்று: கால் டேங்குக்குக் கீழே நீண்ட வளைவில் அழுத்திப் போனால் அழுத்தம் ஒரு நொடி துள்ளும். அது பம்பின் தப்பு இல்லை, பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி உறிஞ்சும் முனை காற்றைக் குடிக்கிறது. பம்பைக் குளிர வைப்பதும் வழவழப்பாக வைப்பதும் அதே பெட்ரோல்தான் என்பதால் கால் டேங்குக்குக் கீழே இறங்க விடுவதில்லை.

போன மாதம் 70,000 கிலோமீட்டரில் திறந்து பார்த்தேன். உறிஞ்சும் முனையில் இருக்கும் துணி ஃபில்டர் கறுத்திருந்தது, அதை மாற்றினேன். ஹோஸ் விறைப்பாக, எழுத்து அழியாமல் இருந்தது. மூடிவிட்டு லாக் எடுத்தேன்: பம்பில் 13.4 வோல்ட், 23 பிஎஸ்ஐ பூஸ்டில் ரெயில் 66.